கப்பலில் அத்தைக்கு எந்த அறை?

கப்பலில் அறை எடுப்பதைப் பற்றி வடக்கனந்தல்காரி ஒருத்தி எழுத வந்துவிட்டாளே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக் கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஒரு பக்கம் கரும்பும் மரவள்ளியும், மறு பக்கம் கல்வராயன் மலை. தண்ணீர் என்றால் எங்களுக்குக் கோமுகி அணைதான். கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஆனாலும் சகோதரிகளே, இப்போதெல்லாம் கப்பல் பிரயாணம் சினிமாவில் மட்டும் பார்க்கிற சமாசாரமாக இல்லை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் கிளம்பியது. 2023 ஜூன் 5-ம் தேதி முதல் முறையாக அது இலங்கைக்கும் புறப்பட்டது. செய்தியைப் பார்த்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? “அம்மா, நாமளும் போனா என்ன?” என்று ஆரம்பித்து விடுகிறார்கள்.

பணம் கட்டுவது ஆண்கள் வேலை. டிக்கெட் எடுப்பது பிள்ளைகள் வேலை. ஆனால் கப்பல் ஆடி, ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது வாந்தி எடுத்தால், எழுந்து தலையைப் பிடிப்பது யார்? நாம்தான்! குழந்தை தூங்காவிட்டால் தோளில் போட்டுக் கொண்டு நடப்பதும் நாம்தான். அதனால்தான் சொல்கிறேன், எந்த அறை என்று முடிவு செய்கிற இடத்தில் நாமும் கட்டாயம் உட்கார வேண்டும்.

அத்தையின் ஆசை

நாங்கள் போனது 2023-ல். சென்னையிலிருந்து கிளம்பி, அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைத் தொட்டுத் திரும்புகிற ஐந்து இரவுப் பயணம். சென்னையில் வேலை பார்க்கும் என் பெரிய பிள்ளை தன் சேமிப்பில் ஏற்பாடு செய்தான். நான், என் வீட்டுக்காரர், பிள்ளை, மகள், மாப்பிள்ளை, பதினான்கு மாதப் பேரன், பிறகு என் மாமியார்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவருக்கு எழுபத்து நாலு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து போனவர். திடீர் திடீரென்று தலைசுற்றல் வேறு. கட்டிலிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக் கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். பயணப் பேச்சு வந்ததுமே, “நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் வீட்டுக் காவலுக்கு இருக்கேன். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேணாமா?” என்று சொல்லி விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் கப்பல் என்ற சொல்லுக்கு அர்த்தம் வேறு. அத்தைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, 1951-ல், அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா போனவர். ரப்பர் தோட்டத்து வேலைக்கு. சில வருஷம் கடிதம் வந்தது, கொஞ்சம் பணமும் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. அத்தைக்கு அப்பாவின் முகம் ஞாபகம் இல்லை. ‘ரஜூலா’ என்ற கப்பலின் பெயர் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாட்டி சொல்லிச் சொல்லி மனசில் பதிந்து போன பெயர்.

அந்தக் கப்பலைப் பற்றிப் பிள்ளை தேடிப் படித்துச் சொன்னான். ரஜூலா 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியிருக்கிறது. 1973-ல் அது ஓய்ந்த பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் அந்த வழியில் ஓடி, பின்னால் நடந்த ஒரு தீ விபத்தோடு அதுவும் முடிந்தது. ரஜூலாவில் அறை எடுத்துப் போனவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் தளத்தில் பாய் விரித்துப் போனவர்கள். டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, கிடைத்த இடத்தில் படுத்துக் கொள்ள வேண்டியது. அத்தையின் அப்பாவும் அப்படித்தான் போயிருப்பார்.

இப்படிப்பட்டவரை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டு நாங்கள் போய்க் கப்பலில் ஐஸ்கிரீம் சாப்பிடுவதா? “அத்தை வந்தால்தான் நான் வருவேன்” என்று சொல்லி விட்டேன். கள்ளக்குறிச்சியில் அவரைப் பார்க்கிற டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதித்துவிட்டு, “தாராளமா கூட்டிப் போங்க. விழாம மட்டும் பாத்துக்குங்க. அறை எங்கே கிடைக்குதுன்னு பாத்து எடுங்க” என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது.

அச்சுக்குப் பக்கத்தில்

பிள்ளை கப்பலின் தளப்படத்தை அச்செடுத்துக் கொண்டு ஊருக்கு வந்தான். கூடத்தில் விரித்து வைத்துக் கொண்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். பார்த்தால் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள். நூற்றுக்கணக்கான அறைகள்!

பிள்ளை சொன்னான், “ஆயாவுக்கு மேல்தளத்துல, முன்பக்கமா பால்கனி ரூம் எடுப்போம். காத்து வரும், கடலும் நல்லாத் தெரியும்.” என் வீட்டுக்காரரோ, “தூங்கறதுக்கு எதுக்கு ஜன்னலு? உள்பக்க ரூமே போதும், விலையும் கம்மி” என்றார்.

இரண்டு பேருக்கும் பதில் சொன்னது அத்தைதான். கட்டை வண்டியில் மூங்கில்துறைப்பட்டுச் சந்தைக்குப் போன காலத்து மனுஷி அவர். “வண்டியில எங்கே உக்காந்தா குலுக்கல் கம்மி? அச்சுக்குப் பக்கத்துல. நுனியில உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடும். கப்பலுக்கும் ஒரு நடு இருக்கும்ல?” என்று கேட்டார்.

அவர் சொன்னது அப்படியே சரி. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கவே வேண்டாம். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை போகிற பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வந்துவிடும். நடுவில் உட்கார்ந்தவர்கள் கதை பேசிக் கொண்டே மலை ஏறிவிடுவார்கள்.

கப்பல் இரண்டு விதமாக ஆடுகிறது. ஒன்று, முன்னும் பின்னும் மாறி மாறி ஏறி இறங்குவது. பழைய காலத்து ஏற்றத்தை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு முனையும் மேலும் கீழும் போகும், நடுவில் இருக்கிற அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் முன்னணியத்திலும் பின்னணியத்திலும் இருக்கிற அறைகளில் தூக்கிப் போடுவது அதிகம், நடுவில் குறைவு.

இன்னொன்று, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நிமிர்வது. இதற்குத் தென்னை மரம் உதாரணம். காற்றடித்தால் உச்சிதான் பேயாட்டம் போடுகிறது, அடிமரம் அசைவதில்லை. அதே மாதிரி மேல்தளத்து அறை அதிகம் சாயும், நீர்மட்டத்துக்குப் பக்கத்திலுள்ள கீழ்த்தளத்து அறை குறைவாகச் சாயும். இந்தச் சாய்வைக் குறைக்க இப்போதைய கப்பல்களில் தண்ணீருக்கடியில் மீன் துடுப்பு மாதிரி தகடுகள் வைத்திருக்கிறார்கள். அவை குறைக்கின்றன, அடியோடு நிறுத்துவதில்லை.

ஆக, தலைசுற்றல் உள்ளவர்கள், பஸ்ஸிலேயே குமட்டுகிறவர்கள், வயதானவர்கள் இவர்களுக்கெல்லாம் கப்பலின் நீளத்தில் நடு, உயரத்தில் கீழ். கணக்கு அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், பல கப்பல்களில் இந்தக் கீழ்த்தளத்து அறைகள் மேல்தளத்தைவிட விலை குறைவு! என் வீட்டுக்காரர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

ஜன்னலா, பால்கனியா, உள்ளறையா?

அறைகளில் முக்கியமாக மூன்று வகை. நடைபாதைக்கு உட்பக்கமாக, வெளிச்சமே வராத உள்ளறை. கண்ணாடி ஜன்னல் வைத்த வெளியறை. வெளியே நின்று பார்க்கத் திறந்தவெளி உள்ள பால்கனி அறை.

உள்ளறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. இரவா பகலா என்றே தெரியாது. இளவட்டங்களுக்கு அது பரவாயில்லை, சுகமாகத் தூங்கலாம். வயதானவர்கள் பாதி ராத்திரியில் விழித்தால் திசை புரியாமல் தடுமாறுவார்கள். போதாததற்குப் பல கப்பல்களில் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு தடுப்புப் படி வைத்திருப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர் இருட்டில் அதில் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும்? உள்ளறைதான் கிடைத்தது என்றால் குளியலறை விளக்கைப் போட்டுவிட்டுக் கதவை ஒருக்களித்து வையுங்கள். எடுத்துப் போகிற ஒரு சின்ன இரவு விளக்கும் உதவும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கென்று அகலமான கதவோடு, தடுப்புப் படி இல்லாத அறைகள் சில உண்டு. எண்ணிக்கையில் குறைவு என்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பால்கனி அறை வேண்டும் என்று என் மகள் ஆசைப்பட்டாள். படத்தில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் பேரன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். கண்ட இடத்தில் ஏறுகிற வயசு. பால்கனியில் நாற்காலி ஒன்று கிடந்தால் போதும், அதன்மேல் ஏறிக் கம்பிக்கு மேலே எட்டிப் பார்க்க அவனுக்கு அரை நிமிஷம் ஆகாது. ஐந்து நாளும் அந்தக் கதவையே காவல் காத்துக் கொண்டிருப்பது விடுமுறையா? நான் எடுத்துச் சொன்னதும் மகளே வேண்டாம் என்று விட்டாள். ஏறி விளையாடுகிற குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பால்கனி அறை வேண்டாம் என்பதுதான் என் அபிப்ராயம். மீறி எடுத்தால், நாற்காலிகளை உள்ளே வைத்து, மேல் தாழ்ப்பாளைப் போட்டே வையுங்கள்.

கைக்குழந்தைக்காரிகள் இன்னும் இரண்டு விஷயம் கேட்டுக் கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. இருபத்து நாலு வாரம் எட்டிய கர்ப்பிணிகளையும் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. விதியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். குழந்தைக் கட்டில் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் முன்பதிவின்போதே சொல்லி வைக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்கு என்று சொல்லும் படுக்கை பெரும்பாலும் சுவரிலிருந்து கீழே மடக்கி இறக்கும் மேல் படுக்கையாகத்தான் இருக்கும். அதில் சின்னக் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். பாட்டியையும்தான்!

அத்தைக்கு ஜன்னல் அறை என்று முடிவாயிற்று. எந்தப் பக்க ஜன்னல்? பல கப்பல்களில் ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்கள் மறு பக்கமுமாக இருக்கும். தளப்படத்தில் பார்த்தாலே தெரியும். சென்னையிலிருந்து தெற்கே போகிற கப்பலில் இடது பக்கம் கிழக்கு. காலையில் சூரியன் அந்தப் பக்கம் உதிக்கும். நான் இடது பக்கம் கேட்டதற்கு வேறு காரணமும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு அந்தத் திசையில்தானே?

ஜன்னல் அறையிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். சில தளங்களில் ஜன்னலுக்கு நேர் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடலுக்குப் பதில் ஆரஞ்சு வண்ணப் படகின் வயிறுதான் தெரியும். ‘பார்வை மறைக்கப்பட்டது’ என்று சின்ன எழுத்தில் போட்டு விலையைக் குறைத்திருப்பார்கள். வெளிச்சம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது லாபம்தான்.

தலைக்கு மேலே என்ன?

வீடு வாடகைக்குப் பார்க்கும்போது பக்கத்து வீட்டில் மாவு மில் இருக்கிறதா என்று பார்க்கிறோம் இல்லையா? அதே மாதிரி தளப்படத்தில் நம் அறையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பார்க்க வேண்டும்.

மேலே நீச்சல் குளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலிகளைத் தரதரவென்று இழுக்கும் சத்தம். சமையற்கட்டோ சாப்பாட்டுக் கூடமோ இருந்தால் தள்ளுவண்டிச் சத்தம். ஆட்டம் பாட்டுக் கூடம் இருந்தால் நடு ராத்திரி வரை ‘தம் தம்’ என்று சுவர் அதிரும். முன்முனையில் உள்ள கீழ் அறைகளுக்கு நங்கூரம் இறக்கும் சங்கிலிச் சத்தமும், கப்பலைக் கரையோடு அணைக்கும் இயந்திரத்தின் உறுமலும் கேட்கும். பின்முனையில் கீழே இருந்தால் சுழல் விசிறியின் அதிர்வு. மேலேயும் அறை, கீழேயும் அறை என்று நடுவில் அமைந்த அறைதான் நிம்மதி.

பக்கத்து அறைக்குப் போக உள்கதவு வைத்த அறைகள் சில உண்டு. ஒரே குடும்பம் இரண்டையும் எடுத்தால் சௌகரியம். இல்லையென்றால் அடுத்த அறைக்காரர் தும்மினால் நமக்குக் கேட்கும்.

அப்புறம் நடை. எம்ப்ரஸ் கப்பல் சுமார் 210 மீட்டர் நீளம். முனையில் அறை எடுத்தால் நடுவில் உள்ள லிஃப்டுக்கு நூறு மீட்டர் நடக்க வேண்டும். சாப்பிடப் போக நூறு, வர நூறு, மூன்று வேளைக்கும் கூட்டிப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி இருக்கிற அறை நல்லது. ஒட்டியே இருந்தால் ஜனங்களின் பேச்சுச் சத்தம்.

புக்கிங் செய்து கொடுத்தவர் இன்னொரு வழி சொன்னார். அறை எண்ணை நாம் தேர்ந்தெடுக்காமல், கிடைத்ததைக் கொடுங்கள் என்று விட்டுவிட்டால் கட்டணம் குறையுமாம். உடம்பு திடமாக இருக்கிற இளம் தம்பதிகளுக்கு அது நல்ல யோசனைதான். வயதானவரையும் கைக்குழந்தையையும் வைத்துக் கொண்டு அதிர்ஷ்டத்தை நம்பலாமா? நாங்கள் எண்ணைப் பார்த்தே எடுத்தோம். கீழ்த்தளம், நடுப்பகுதி. எனக்கும் அத்தைக்கும் ஒரு ஜன்னல் அறை. அதை ஒட்டி மகள் குடும்பத்துக்கு ஒன்று. நடைபாதைக்கு எதிர்ப்பக்கம், நேர் எதிரே, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஓர் உள்ளறை. பகலில் எல்லோருக்கும் எங்கள் ஜன்னல்தான். ஒரு குடும்பத்துக்கு எல்லா அறையும் கடலைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

கீழ்த்தளத்தில் ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்துக் காலத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. கூட வேண்டிய இடம் மேலே இருக்கும், படியேற வேண்டும். அத்தையால் வேகமாக ஏற முடியாது என்று முன்பதிவின்போதே தெரிவித்தோம். அப்படிப்பட்டவர்களுக்கு உதவ ஆட்களை ஏற்பாடு செய்வார்கள். 2012-ல் இத்தாலியக் கரையில் ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்த பிறகு விதிகள் இறுகி, இப்போது கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பும்போதோ பாதுகாப்பு ஒத்திகை நடத்தியாக வேண்டும். செல்ஃபி எடுக்கும் அவசரத்தில் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். குழந்தைக்கு ஏற்ற அளவில் உயிர்காப்பு உடை அறையில் இருக்கிறதா என்று அன்றே கேட்டு வாங்கி வையுங்கள்.

கைவைத்தியமும் மாத்திரையும்

குமட்டல் ஏன் வருகிறது? காதின் உட்பகுதியில் சமநிலையைச் சொல்கிற ஓர் உறுப்பு இருக்கிறது. ‘ஆடுகிறோம்’ என்று அது மூளைக்குச் சொல்கிறது. அறைக்குள் சுவரைப் பார்க்கிற கண்ணோ ‘ஆடவில்லை’ என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப் போகும். அதற்காகவும்தான் ஜன்னல். முடியாவிட்டால் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக் கொள்வது நல்லது. புத்தகம், செல்போன் இரண்டும் அப்போது ஆகாது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொந்தரவு அபூர்வம். அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அதிகம். குமட்டலுக்கான மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே போட்டால்தான் பலன். ஆனால் அவற்றில் பல தூக்கத்தைக் கொடுப்பவை. வயதானவர்களுக்குத் தடுமாற்றம், மனக் குழப்பம், சிறுநீர் பிரியாமை வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாதவையும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். இஞ்சி நம் பாட்டிமார் கண்ட வழி. காலி வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது.

இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பெட்டிகளைக் கப்பல் சிப்பந்திகள் வாங்கிக் கொண்டு பிறகுதான் அறைக்கு அனுப்புவார்கள். மாத்திரை பெட்டியில் மாட்டிக் கொண்டால் திண்டாட்டம்.

இரண்டாம் இரவு

முதல் இரவு கப்பல் போவதே தெரியவில்லை. விடியற்காலை கண் விழித்துப் பார்க்கிறேன், அத்தை படுக்கையில் இல்லை. பதறி எழுந்தால், ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே கடல் சிவந்து கொண்டிருந்தது.

“இதுதான் கெழக்கா?” என்றார்.

“ஆமாம் அத்தை.”

“எங்கப்பா போன தெசை?”

“ஆமாம்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அவரு பாய் விரிக்க எடம் கெடச்சிதோ என்னமோ. எனக்குப் பாரு, ஜன்னலோட ரூமு” என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார். நான் காபி வாங்கி வருகிற சாக்கில் வெளியே போய் விட்டேன். அந்தக் காலைப் பொழுது அவருடையது.

இரண்டாம் இரவுதான் சோதனை. அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அப்போது இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், தெற்குப் பக்கம் திரும்பினால் அலை கூடும். அம்பாந்தோட்டையை நெருங்க நெருங்க ஆட்டம் ஆரம்பித்தது. அலமாரியில் ஹேங்கர்கள் ‘டக் டக்’ என்று மோதின. மேஜையிலிருந்த டம்ளர் தானாக நகர்ந்தது. மேல்தளத்துக்குச் சாப்பிடப் போன என் வீட்டுக்காரர் முகம் வெளிறித் திரும்பி வந்து, “கீழ வந்தப்புறம்தான் உயிரே வருது” என்று படுத்துவிட்டார். பேரன் மகளின் பக்கத்தில் தொட்டிலில் ஆட்டியதைப் போல அசந்து தூங்கினான்.

அத்தை கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக் கொண்டிருந்தார். “தலை சுத்துதா அத்தை?” என்றேன். “கொஞ்சமா. வண்டியில போற மாதிரி இருக்கு, பயமில்ல” என்றார்.

பதினோரு மணி வாக்கில் ஐஸ் கேட்டு வாங்கி வரலாம் என்று வெளியே போனேன். லிஃப்டுக்குப் பக்கத்தில், தரையில் கம்பளியைப் போட்டு ஓர் இளம் தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறு வயசுப் பெண், துவண்டு கிடந்தது. மேல்தளத்தில், முன்பக்கமாக அவர்களுக்கு அறை. அங்கே நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, கப்பல் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். கணவர் மேலே இன்னொரு குழந்தையோடு இருக்கிறாராம்.

வந்து அத்தையிடம் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, “இங்க கூப்புடு அந்தப் புள்ளைய. என் கட்டில்லயே போடட்டும்” என்றார். குழந்தையைப் படுக்க வைத்து, வாய் கொப்பளிக்கச் செய்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, நெற்றியை வருடிக் கொண்டே இருந்தார். அரை மணியில் குழந்தை தூங்கிவிட்டது. அந்தப் பெண் என் படுக்கையில் ஓரமாகச் சாய்ந்து கொண்டாள். விடியும் வரை அத்தை உட்கார்ந்தே இருந்தார். நான் மாறி உட்காருகிறேன் என்றாலும் கேட்கவில்லை. வீட்டுக் காவலுக்கு இருக்கிறேன் என்று சொன்ன மனுஷி!

அம்பாந்தோட்டையிலிருந்து வடக்கே திரும்பியதும் கடல் குளம் மாதிரி ஆகிவிட்டது. திரிகோணமலையில் அத்தையைக் கைத்தாங்கலாகக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துப் போனோம். திரும்பும் வழியில் எங்கள் இடது ஜன்னல் மேற்கைப் பார்த்தது. மாலை வெயில் கட்டில் வரை வந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இந்தப் பேச்சு வரும். கப்பல்தான் என்றில்லை, ரயிலோ மலைப் பஸ்ஸோ எதுவாகவும் இருக்கலாம். தளப்படத்தை எடுத்துக் கொண்டு எல்லோரையும் உட்கார வையுங்கள். விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். நம்மில் யாருக்குத் தலை சுற்றும்? யாருக்குக் கால் வலி? யார் ஏறிக் குதிப்பார்? அவர்களுக்கு முதலில் இடத்தைப் பார்த்துவிட்டு, மீதியை மற்றவர்கள் எடுத்துக் கொள்ளட்டும். பெரியவர்கள் “நான் வரலை” என்று சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். செலவுக்குச் சொல்கிறார்களா, உடம்புக்குச் சொல்கிறார்களா, யாருக்கும் பாரமாக வேண்டாம் என்று சொல்கிறார்களா என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேளுங்கள்.

எங்கள் தெருவில் இப்போது யார் சென்னைக்குப் பஸ் ஏறினாலும் அத்தை திண்ணையிலிருந்து குரல் கொடுக்கிறார், “நடு சீட்டாப் பாத்து உக்காருங்கடி!”